ஒட்டிவைத்த தலை

தமிழில் ஒருவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று சொல்ல ‘மரை கழண்டுடுச்சு’ என்கிறோம். ‘நட்டு கழண்ட கேஸு’ என்பது அதன் கொஞ்சம் செல்லமான வடிவம். இயந்திரத்துக்கு வரக்கூடிய பெரிய கேடு கழல்வதுதான் என்று நினைத்த யாரோ உண்டாக்கிய வழக்காக இருக்க வேண்டும். பழைய பைக் வைத்திருக்கும் யாரும் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். எங்கள் பாடு நேர் எதிர். எங்களுக்கு வாய்த்தது கழலாத மரை. முப்பது வருஷமாக ஒரே துளைக்குள் உட்கார்ந்து, சுற்றியிருக்கும் அலுமினியத்தோடு கூடப் பிறந்ததுபோல ஆகிவிட்ட, சுண்டுவிரலைவிட மெலிந்த ஒரு ஸ்க்ரூ. தலையில் திருப்புளி வைக்கும் பள்ளம் தேய்ந்து வட்டக் குழியாகியிருக்கும். அதைக் கழற்றாமல் வண்டிக்குள்ளே போக முடியாது.

இந்தக் கட்டுரை அப்படியொரு ஸ்க்ரூவைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொன்னால், அதைக் கெடுத்தவனுக்கும் பிற்பாடு அதைக் கழற்ற வேண்டி வந்தவனுக்கும் இடையிலிருக்கும் உறவைப் பற்றியது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை, பார்க்கப்போவதும் இல்லை. ஆனாலும் முதலாமவன் பத்து நிமிஷத்தில் செய்த காரியம் இரண்டாமவனின் ஒரு முழு மதியத்தைத் தின்றுவிடுகிறது. இவனுக்கு அவன் ஏதாவது கடன்பட்டிருக்கிறானா? அப்படிக் கடன் இருந்தால் அதை யார் காசில் அடைப்பது? இரண்டாவது கேள்வியைத்தான் நாம் வழக்கமாகக் கேட்க மறந்துவிடுகிறோம்.

நான் இருப்பது திருமுல்லைவாயில். வண்டி யமஹா ஆர்.எக்ஸ். 100, 1994 மாடல். 1985-ல் இந்தியாவுக்கு வந்து 1996-ல் நின்றுபோன, 98 சி.சி. இரண்டு ஸ்ட்ரோக் வண்டி. அதன் சத்தத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும், அதனால் விடுகிறேன். எனக்கு முன்னால் அதை எத்தனை பேர் வைத்திருந்தார்கள் என்பதற்கு ஆர்.சி. புத்தகம் ஒரு கணக்குச் சொல்லும். எத்தனை பேர் அதன் வயிற்றைத் திறந்தார்கள் என்பதற்கு ஒரு கணக்கும் கிடையாது. வண்டியின் வலப்பக்கக் கிளட்ச் கவருக்குக் கீழே தினமும் காலையில் நாலைந்து சொட்டு கியர் ஆயில் கிடந்தது. பேக்கிங் போயிருக்கும், கழற்றி மாற்றினால் போதும் என்று அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு ஷெட்டுக்குக் கொண்டுபோனேன். அங்கே இருக்கிற அண்ணன் பழைய வண்டிகளை மட்டும்தான் தொடுவார். கூட ஒரு தம்பி, பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவன்.

இந்தப் பக்கத்துக்கு ஒரு தனிக் குணம் உண்டு. 1949-ல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் வந்தது. ஆவடி டாங்க் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா 1965 கடைசியில் உருண்டு வெளியே வந்தது. பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., அதே பாடியில் போல்ட்டும் நட்டும் செய்வதையே தொழிலாகக் கொண்ட சுந்தரம் ஃபாஸ்னர்ஸ். நடுவில் எஸ்டேட்டின் சிறுபட்டறைகள், லேத், பிரஸ், முலாம் பூசும் தொட்டிகள். மாட்டுவதையும் இறுக்குவதையும் வைத்துச் சாப்பிடுகிற குடும்பங்கள் இங்கே தெருவுக்குத் தெரு இருக்கின்றன. கழற்றுவது அப்படியில்லை. மாட்டுவது தொழிற்சாலை வேலை. அதற்கு அளவு உண்டு, ஷிஃப்ட் உண்டு, இன்ஸ்பெக்டர் உண்டு, எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதற்கு எண் உண்டு. கழற்றுவது தெரு வேலை. புதிய ஸ்க்ரூவைப் புதிய துளையில் போடுகிறவருக்கு எல்லாமே தெரியும். பழைய துளையிலிருந்து பழைய ஸ்க்ரூவை எடுக்கிறவருக்கு எதுவுமே தெரியாது. இதற்கு முன்னால் யார் திறந்தார், எதை வைத்து இறுக்கினார், எந்த மழையில் வண்டி நின்றது, ஒன்றும் தெரியாது. ஆனாலும் இரண்டில் எது கௌரவமான வேலை, எதற்கு பி.எஃப். பிடிக்கிறார்கள் என்று நம் எல்லோருக்கும் தெரியும்.

ஸ்க்ரூ ஏன் பிடித்துக்கொள்கிறது? எஞ்சின் உறை அலுமினியம், ஸ்க்ரூ இரும்பு. இரண்டு உலோகமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஈரம் புகுந்தால் அங்கே ஒரு சின்ன பேட்டரி உண்டாகிறது. அலுமினியம் தன்னைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து வெள்ளைப் பொடியாகிறது. அந்தப் பொடிக்கு, அது உண்டான உலோகத்தைவிட அதிக இடம் வேண்டும். இடம் இல்லாததால் மரையின் இடுக்கில் போய் இறுகுகிறது. சென்னைக் காற்றே இதற்குப் போதும். போதாததற்கு 2015 டிசம்பர் வெள்ளமும் 2023-ல் மிக்ஜாம் புயலும் வந்தன. கொரட்டூரிலும் அம்பத்தூரிலும் சீட் வரைக்கும் தண்ணீரில் நின்ற வண்டிகள் எத்தனையோ. தண்ணீர் வடிந்தது, வண்டிகள் காய்ந்தன, கார்புரேட்டரைக் கழுவி ஸ்டார்ட் பண்ணி ஓட்டிக்கொண்டு போனார்கள். மரைக்குள் புகுந்த தண்ணீரைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. அதை யோசிக்க வேண்டியவர் எட்டு வருஷம் கழித்து வருவார்.

அடுத்தது திருப்புளி. நாம் ‘ஸ்டார்’ என்று சொல்லும் குறுக்குப் பள்ளத்தில் குறைந்தது இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, 1930களில் அமெரிக்காவில் ஹென்றி பிலிப்ஸ் பரப்பியது. இன்னொன்று ஜப்பானியத் தரம். பார்க்க இரட்டைப் பிள்ளைகள். ஆனால் பிலிப்ஸ் முனை ஜப்பானியப் பள்ளத்தின் அடிவரை இறங்காது, மேல் விளிம்பில் தொங்கிக்கொண்டே திருகும். ஸ்க்ரூ லேசாக இருந்தால் வித்தியாசம் தெரியாது. பிடித்துக்கொண்டிருந்தால் முனை மேலேறி வழுக்கி, பள்ளத்தின் சுவரைச் சீவிவிட்டு வெளியே வரும். ஜப்பானிய வடிவமைப்பில் வந்த வண்டிகளை நாற்பது வருஷமாக நாம் கடையில் கிடைக்கும் பிலிப்ஸ் திருப்புளியை வைத்துக் கழற்றிக்கொண்டிருக்கிறோம். கெட்டுப்போன ஸ்க்ரூத் தலைகளில் பாதியாவது ஒருவருடைய அலட்சியத்தால் கெட்டவை அல்ல என்பது என் எண்ணம். இரண்டு தேசங்களின் அளவுகள் பொருந்தாமல் போனதன் பழியை ஒரு பையனின் மணிக்கட்டு சுமக்கிறது. ‘எருமை மாதிரி திருகாதடா’ என்று திட்டு வாங்குவது அவன்தான். அவன் கையில் இருப்பதும் அந்த ஷெட்டிலேயே மட்டமான திருப்புளியாகத்தான் இருக்கும், நல்லதை முதலாளி பூட்டி வைத்திருப்பார். ஆயுத பூஜை அன்று அந்தத் திருப்புளிக்கும் சந்தனம், குங்குமம் உண்டு. மறுநாள் காலையில் அதையே உளியாக வைத்துச் சுத்தியலால் அடிப்போம்.

சரி, ஷெட்டுக்கு வருகிறேன். கிளட்ச் கவரைச் சுற்றியிருந்த ஸ்க்ரூக்களில் மூன்று பிடித்துக்கொண்டிருந்தன. அண்ணன் அவற்றைக் கழற்றிய வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் எண்ணெய் விட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். வந்து சரியான முனையைப் பள்ளத்தில் வைத்து, திருகாமல், அதன் பின்பக்கத்தில் சுத்தியலால் நாலு தட்டு. பிறகு இம்பேக்ட் டிரைவர். அடிக்கிற அடியையே திருப்பமாக மாற்றும் அந்தக் கருவியின் அழகு என்னவென்றால், அடி முனையைப் பள்ளத்துக்குள்ளேயே அமுக்கி வைக்கிறது, வழுக்கி வெளியே வர விடாது. இரண்டு ஸ்க்ரூ அதில் வந்துவிட்டன. மூன்றாவதற்கு ஸ்டவ் மாதிரியான ஒரு கேஸ் விளக்கால் சுற்றிலும் சூடு காட்டினார். ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். விரிந்தால் பிடி கொஞ்சம் தளரும். அப்படியும் வரவில்லை. கடைசியில்தான் டிரில்லை எடுத்தார். ஸ்க்ரூவின் தலையை மட்டும் குடைந்து எடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்கு இன்றும் ஆச்சரியம். தலை போனதும் கவர் சும்மா கையோடு வந்தது. உள்ளே நீட்டிக்கொண்டிருந்த தலையில்லாத தண்டை வைஸ் கிரிப்பால் பிடித்துத் திருப்பினார், கொஞ்ச தூரம் வந்ததும் விரலாலேயே சுற்றி எடுத்தார். இத்தனை நேரம் எதற்கும் அசையாத அதே ஸ்க்ரூ. இறுக்கிய ஸ்க்ரூ என்பது கண்ணுக்குத் தெரியாத அளவு இழுபட்டு நிற்கும் ஒரு ஸ்பிரிங். தலைக்கும் உடலுக்கும் நடுவே அந்த இழுவை இருக்கிறவரை அது மல்லுக்கட்டும். நாம் துரு என்று நினைத்ததில் பாதி இறுக்கம்தான். இந்த அளவு ஸ்க்ரூவுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும். ஒரு மீட்டர் கம்பியின் நுனியில் ஒரு கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்ட மாதிரி. ஆனால் ஆயில் கசிகிறது என்று வாடிக்கையாளர் இரண்டாவது முறை வந்து நின்றால் எந்த மெக்கானிக்கும் அரிசிப் பையை நினைக்க மாட்டார், உடம்பில் இருக்கிற பலத்தையெல்லாம் போட்டு இறுக்குவார்.

அவருடைய வரிசையை யோசித்துப் பார்த்தேன். டிரில்தான் நிச்சயமான வழி என்று அவருக்கு முதலிலேயே தெரியும். ஆனால் அவர் பலிக்க அதிக வாய்ப்புள்ள வழியிலிருந்து ஆரம்பிக்கவில்லை, தோற்றால் குறைவாகக் கெடுக்கும் வழியிலிருந்து ஆரம்பித்தார். எண்ணெய் தோற்றால் ஒன்றும் நஷ்டமில்லை, தட்டுவது தோற்றாலும் அப்படித்தான். இம்பேக்ட் தோற்றால் பள்ளம் கொஞ்சம் போகும், டிரில் பாக்கி இருக்கும். டிரில் தோற்றால்தான் கதை முடிந்தது. ஒவ்வொரு படியிலும் அவர் கேட்டுக்கொண்டது, இது சொதப்பினால் அடுத்து வருகிறவனுக்கு என்ன மிஞ்சும் என்பதை. அந்த அடுத்தவன் பெரும்பாலும் ஐந்து நிமிஷம் கழித்து வரும் அவரேதான். இப்படி யோசிப்பதை நாம் நிதானம் என்கிறோம், சாமர்த்தியம் என்கிறோம். அறம் என்று சொல்வதில்லை. ஏனென்றால் இதில் லாபம் அவருக்கே. அடுத்தவன் நிஜமாகவே வேறொருவனாக இருந்தால் என்ன ஆகும் என்பது நாலாவது ஸ்க்ரூவில் தெரிந்தது.

கசிவு இருந்த இடத்துக்கு நேர் மேலே இருந்தது அது. பார்க்க மற்றதைப் போலவே இருந்தது, பள்ளம்கூடத் தேயவில்லை. தம்பி திருப்புளியை வைத்து லேசாகத் திருப்பினான். தலை மட்டும் கழன்று தரையில் உருண்டது. கீழே தண்டு இல்லை. சாம்பல் நிற எம்-சீல்.

“இன்னாடா இது,” என்று அண்ணன் குனிந்து பார்த்தார். விரலால் சுரண்டினார். உள்ளே, எஞ்சின் உறையின் விளிம்போடு விளிம்பாக உடைந்த தண்டு. அதில் நடுவில் விழாமல் ஓரமாக இறங்கிய ஒரு டிரில் துளை, பாதி ஸ்க்ரூவிலும் பாதி அலுமினியத்திலும். யாரோ உடைத்திருக்கிறார்கள். எடுக்க முயன்று, துளை சறுக்கி, இன்னும் கெடுத்திருக்கிறார்கள். பிறகு வேறொரு ஸ்க்ரூவின் தலையை அறுத்து, அதன் இடத்தில் உட்கார வைத்து ஒட்டி, துடைத்துக் கொடுத்துவிட்டார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. அண்ணன் சிரித்தார். “நேக்கா பண்ணிக்கிறான் தம்பி. நாலு வருஷம் தாங்கிக்குதே.”

அந்தச் சிரிப்பு ஏன் வந்தது என்று யோசித்ததில்தான் இந்தக் கட்டுரை ஆரம்பித்தது.

என் கோபத்துக்கு ஒரு தத்துவக்காரரின் துணையைச் சுலபமாகத் தேடிக்கொள்ளலாம். டெரக் பார்ஃபிட் 1984-ல் வெளியிட்ட ‘ரீசன்ஸ் அண்ட் பெர்சன்ஸ்’ நூலில் ஓர் உதாரணம் வருகிறது. ஒருவர் காட்டுப் புதரில் உடைந்த கண்ணாடியைப் போட்டுவிட்டுப் போகிறார். நூறு வருஷம் கழித்து ஒரு குழந்தை அதை மிதித்துக் காயப்படுகிறது. அந்தக் குழந்தை இன்னும் பிறக்கவில்லை என்பதால் செய்தது தப்பில்லை என்று ஆகிவிடுமா? ஆகாது என்கிறார் பார்ஃபிட். காலத்தால் தள்ளி இருப்பதும் இடத்தால் தள்ளி இருப்பதும் இந்த விஷயத்தில் ஒன்றுதான். எனக்கு முழுச் சம்மதம். ஒட்டிவைத்த தலையும் புதரில் கிடக்கும் கண்ணாடிதான். சொல்லப்போனால் அதைவிட மோசம். கண்ணாடி எதுபோலவும் வேஷம் போடுவதில்லை.

இங்கே இரண்டு காரியங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஸ்க்ரூ உடைந்தது ஒன்று, தலையை ஒட்டியது இன்னொன்று. உடைவது யாருக்கும் நடக்கும், அண்ணனுக்கே நடக்கும். உடைந்த இடம் திறந்து கிடந்திருந்தால் எனக்கு விற்ற ஆளிடம் நான் கேட்டிருப்பேன். அண்ணன் காலையிலேயே கவரைப் பார்த்து, வேலை எவ்வளவு, நேரம் எவ்வளவு என்று சொல்லியிருப்பார். அந்த ஒரு துளி எம்-சீல் உலோகத்துக்கு ஒன்றும் கெடுதல் பண்ணவில்லை. அது எடுத்துக்கொண்டது அடுத்தவனுடைய தேர்வை. எந்த வழியில் ஆரம்பிப்பது என்று முடிவு செய்ய அவனுக்கு வேண்டியிருந்த ஒரே விஷயம், இங்கே ஏற்கெனவே என்ன நடந்தது என்பது. அதை மறைத்துவிட்டால் அவன் என்னதான் கவனமாக இருந்தும் பிரயோஜனமில்லை.

இதுவரைக்கும் சுலபம். ஆனால் பார்ஃபிட்டின் ஆளுக்கு அந்தக் கண்ணாடியைக் குனிந்து பொறுக்க ஒரு நிமிஷம் போதும். ஒட்டுத் தலை வைத்தவனுக்கு எவ்வளவு ஆகும் என்பதை அன்று மதியம் பார்த்தேன். பெட்ரோல் டேங்கையும் பேட்டரியையும் கழற்றித் தூரத்தில் வைத்தார்கள். கிளட்ச் பகுதியை ஈரச் சாக்கால் மூடினார்கள். பக்கத்து ஷெட்டிலிருந்து வெல்டிங் காரர் வந்தார். உடைந்த தண்டின் மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் துளை வழியாக இரண்டையும் சேர்த்துப் பற்ற வைத்தார். இரும்பு இரும்போடு ஒட்டும், சுற்றியிருக்கும் அலுமினியத்தில் ஒட்டாது. பிறகு ஸ்பேனரை நட்டில் போட்டுத் திருப்ப வேண்டும். முதல் நட்டு கையோடு வந்துவிட்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது தடவை, சூடு நன்றாக இறங்கியிருக்க வேண்டும், கிறீச்சென்று ஒரு சத்தத்தோடு அசைந்தது. முன்னும் பின்னுமாக ஆட்டி ஆட்டி எடுத்தார்கள். அதோடு முடியவில்லை. கோணல் துளை பழைய மரையை ஒரு பக்கம் தின்றிருந்தது. துளையைப் பெரிதாக்கி, டேப் போட்டு, உள்ளே ஒரு புஷ் இறக்கி, அதற்குள் புது மரை. லேத் பட்டறைக்கு இரண்டு நடை. மணி நாலரை.

நாங்கள் பேசியிருந்தது அறுநூறு ரூபாய். கவரைக் கழற்றிப் பேக்கிங் மாற்றி ஆயில் ஊற்றிக் கொடுக்க. அண்ணன் இன்னும் நானூறு கேட்டார். கேட்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெல்டிங் காரருக்கும் லேத்துக்கும் கொடுத்தது போக, தம்பியும் அவரும் மூன்று மணி நேரம் வேலை பார்த்ததற்கு அதில் என்ன மிஞ்சியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். நான் கொடுத்தேன். “எல்லாரும் குடுக்க மாட்டாங்க தம்பி,” என்றார். “நீதான் ஒடச்ச, நீயே சரி பண்ணுன்னுவாங்க. ஏற்கெனவே ஒடஞ்சிருந்துச்சுன்னா யாரு நம்புவா?”

இந்தக் கேள்விதான் என் கோபத்தின் காலை வாரிவிட்டது. தலையை ஒட்டியவனைக் கொஞ்சம் கற்பனை செய்து பார்த்தேன். அவன் உடைத்த அன்று ஷெட் வாசலில் யார் நின்றிருப்பார்? ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது என்று வாட்சைப் பார்க்கும் ஒருவர். உடைந்துவிட்டது, இன்னும் மூன்று மணி நேரம் ஆகும், நானூறு ஆகும் என்று அவன் சொன்னால் என்ன நடந்திருக்கும்? அவன் வேலைக்காரப் பையனாக இருந்தால் முதுகில் ஒன்று விழும், வாரக் கூலியில் பிடிப்பார்கள். கடைக்காரனாகவே இருந்தால் வாடிக்கையாளர் போய்விடுவார். உண்மையைச் சொல்வதன் முழுச் செலவும் அந்த இடத்திலேயே சம்பாத்தியம் குறைந்தவன் தலையில் விழுகிறது. பொய்யின் செலவு தள்ளிப்போகிறது, முகம் தெரியாத யாரிடமோ போய்ச் சேர்கிறது. அந்த யாரோவும் பெரும்பாலும் இன்னொரு தெரு மெக்கானிக்தான். அண்ணன் ஏன் சிரித்தார் என்று இப்போது எனக்குப் புரிகிற மாதிரி இருக்கிறது. அந்த எம்-சீலில் எந்த மாதிரி மதியம் ஒட்டியிருந்தது என்று அவருக்குத் தெரியும்.

இதனால் ஒட்டியது சரியாகிவிடாது. நான் அதைச் சொல்ல வரவில்லை. கடன் இருந்தது, அவன் அடைக்கவில்லை, எங்களிடம் தள்ளிவிட்டான். ஆனால் கடனை அடைக்க வழியில்லாத இடத்தில் ஒருவனை நிறுத்தி வைத்துவிட்டு, அவனுடைய நேர்மையை மட்டும் தனியாக எடுத்து எடை போடுவதில் எனக்கு ஒரு கூச்சம் வந்துவிட்டது.

பைக்கையும் தத்துவத்தையும் சேர்த்துப் பேசினால் ராபர்ட் பிர்சிக்கைச் சொல்லாமல் விட முடியாது. 1974-ல் வந்த ‘ஜென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார் சைக்கிள் மெயின்டனன்ஸ்’ நூலில் இதே மாதிரி ஒரு ஸ்க்ரூ வருகிறது. பக்கக் கவரில் மாட்டிக்கொண்டு, தலை கிழிந்த ஸ்க்ரூ. காசுக்குப் பெறாத அந்தத் துண்டு அந்த நிமிஷத்தில் முழு வண்டியின் விலைக்குச் சமமாகிவிடுகிறது என்கிறார் அவர். அந்தத் திகைப்பை விரட்டாமல் அதற்குள் உட்கார்ந்திருக்கச் சொல்கிறார். கல்லூரியில் படித்தபோது தலையில் தூக்கி வைத்துக்கொண்ட புத்தகம். இப்போது திரும்ப நினைத்தால், அவருடைய ஸ்க்ரூவுக்கு முன்னால் ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறார் என்பது கண்ணில் படுகிறது. வண்டியும் அவருடையது, நேரமும் அவருடையது. அந்த மாதிரி இடத்தில் ஸ்க்ரூ மனசைப் பற்றிய கேள்வியாகிறது. அம்பத்தூரில் ஸ்க்ரூவுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், நடுவில் அறுநூறு ரூபாய். திகைப்பில் உட்கார்ந்திருக்க யாருக்கு நேரம்?

வேலை முடியும்போது இன்னொன்று நடந்தது. அண்ணன் எல்லாத் துளைக்கும் புது ஸ்டார் ஸ்க்ரூ போட்டார். ஸ்க்ரூக்கள் ஒரே நீளம் இல்லை, இடம் மாறினால் திரும்ப உடையும் என்பதால், கழற்றும்போதே ஒரு அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து குத்தி வைத்திருந்தான் தம்பி. அதைப் பார்த்துப் பார்த்துப் போட்டார்கள். புது மரை எடுத்த அந்த ஒரு துளைக்கு மட்டும் அண்ணன் ஒரு எல்.என். போல்ட் போட்டார், தலையில் ஆறுமூலைக் குழி இருக்குமே, அது. கறுப்பாக, தனியாகத் தெரிந்தது.

“ஏண்ணா இது மட்டும் வேற?”

“அடுத்து தொறக்கறவன் பாக்கணும்ல. இங்க கை வச்சிக்கிறாங்கன்னு தெரியணும்.”

நான் அதற்கு முன் இப்படி ஒன்றைப் படித்திருக்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட் உருவான அதே அறுபதுகளில், 1964-ல், பழைய கட்டடங்களையும் சின்னங்களையும் பாதுகாப்பவர்கள் வெனிஸில் கூடி ஒரு சாசனம் எழுதினார்கள். அதன் 12-வது பிரிவு சொல்வது ஏறக்குறைய இதுதான்: காணாமல் போன பகுதிக்குப் பதிலாக வைப்பது மொத்தத்தோடு இசைய வேண்டும், அதே சமயம் மூலத்திலிருந்து வேறுபடுத்திப் பார்க்கக் கூடியதாகவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பழுது பார்த்ததே ஒரு பொய்ச் சாட்சியாகிவிடும். நம் ஊரில் கோயில் திருப்பணி என்ற பேரில் மணலை வீசிக் கற்களைப் பளபளப்பாக்கி, கூடவே கல்வெட்டு எழுத்துகளையும் தேய்த்துவிட்டவர்களுக்கு இந்தப் பிரிவை யாராவது படித்துக் காட்டியிருக்கலாம். அண்ணனுக்குப் படித்துக் காட்ட வேண்டிய தேவை இருக்கவில்லை.

ஆனால் அந்தக் கறுப்புத் தலைக்கும் ஒரு விலை உண்டு. ஆர்.எக்ஸ். 100 இப்போது வண்டி மட்டுமில்லை, சரக்கு. வாங்க வருகிறவர்கள் கேட்கிற முதல் வார்த்தை ‘ஒரிஜினலா?’ போன மாதம் பூந்தமல்லியிலிருந்து ஒருவர் வண்டியைப் பார்க்க வந்தார். நான் விற்பதாக முடிவு செய்திருக்கவில்லை, என்ன சொல்கிறார் என்று பார்க்கலாம் என்றிருந்தேன். கிக்கரை உதைத்துப் பார்த்தார், சத்தம் கேட்டார், முகம் மலர்ந்தது. பிறகு வலப்பக்கம் குனிந்தார்.

“இது இன்னா, இது மட்டும் வேற போல்ட்டு?”

சொன்னேன். உடைந்திருந்தது, வெல்ட் வைத்து எடுத்தோம், புஷ் போட்டுப் புது மரை, இப்போது சொட்டுக் கசிவு இல்லை. அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கேட்டு முடித்துவிட்டு, அதுவரை பேசிக்கொண்டிருந்த விலையில் மூவாயிரம் குறைத்தார். எம்-சீல் தலையோடு இருந்தபோது இதே வண்டியைப் பார்த்திருந்தால் அவர் ஒரு பைசா குறைத்திருக்க மாட்டார் என்று எனக்கு நிச்சயம், ஏனென்றால் நான் வாங்கும்போது குறைக்கவில்லை.

பழைய வண்டிகளை வாங்கி விற்கும் ஒரு நண்பனிடம் இதைச் சொன்னேன். “லூசாடா நீ? அஞ்சு ரூபா ஸ்டார் ஸ்க்ரூ. அந்த எல்.என். போல்ட்டைக் கழட்டிட்டு இதப் போடு. உள்ள மரை புதுசு, பழசைவிட ஸ்ட்ராங். எதை மறைக்கிறே நீ?” அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. உடைந்ததை மறைப்பதும் சரியாக்கியதை மறைப்பதும் ஒன்றல்ல. எம்-சீல் சொன்னது பொய். புது மரையில் உட்கார்ந்திருக்கும் சாதாரண ஸ்க்ரூ சொல்வது பொய் என்று சொல்ல முடியாது. ஆனாலும் என்றைக்காவது ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு, ஸ்க்ரூவோடு சேர்ந்து அந்தப் புஷ்ஷும் சுழல ஆரம்பித்தால், அன்று குனிந்து பார்க்கிற பையனுக்கு ஏன் சுற்றிக்கொண்டே இருக்கிறது, ஏன் வெளியே வரவில்லை என்று விளங்காது. பலத்தைக் கூட்டுவான். அண்ணன் அந்தப் பையனுக்காகத்தான் கறுப்பு போல்ட்டைப் போட்டார். அந்தப் பையனுக்காக மூவாயிரம் ரூபாய் நான் ஏன் விட வேண்டும் என்று நண்பன் கேட்கிறான்.

அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு கடையில் ஸ்க்ரூ கிடைத்தது. ஐந்து ரூபாய்கூட இல்லை, நாலு. சரியான நீளம், சரியான தலை. வண்டியின் டூல் பாக்ஸில் ஒரு தாளில் மடித்துக் கிடக்கிறது. பூந்தமல்லிக்காரர் ஞாயிற்றுக்கிழமை திரும்ப வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.